ஆண்டிபட்டி: முதல்வர்களின் தொகுதி, உறுப்பினர் இல்லாத தொகுதி

தமிழ்நாடு சட்டமன்றத்தின் 198ஆம் தொகுதி ஆண்டிபட்டி. தேனி மாவட்டத்தின் இந்தக் கிராமப்புறத் தொகுதி 1984இல் எம்.ஜி.ஆரைத் தேர்ந்தெடுத்தது. 2002இலும் 2006இலும் ஜெயலலிதாவைத் தேர்ந்தெடுத்தது. இருவரும் இந்த ஊர்க்காரர்கள் அல்லர். இதே தொகுதிக்கு 2017 செப்டம்பர் 18 முதல் 2019 மே 23 வரை, இருபது மாதங்களுக்கு மேல், சட்டமன்ற உறுப்பினரே கிடையாது.

இந்த இரண்டு செய்திகளையும் தனித்தனியாகத்தான் எழுதுவார்கள். முன்னது பெருமை, பின்னது எப்படியோ நேர்ந்துவிட்ட ஒன்று. எங்கள் பார்வையில் இரண்டும் ஒரே கணக்கில் வருபவை. தலைமைக்காக இருக்கையை விட்டுக்கொடுத்துப் பழகிய தொகுதி இது. அந்தத் தலைமை மறைந்ததும், வாரிசுச் சண்டையில் இருக்கையையே பறிகொடுத்தது.

தொகுதியின் நிலம்

மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியாகத் தேனிக்குப் போகும் சாலையில் கணவாயைத் தாண்டியதும் ஆண்டிபட்டி. ஊரின் வடக்கே வைகை அணை. 1959இல் பயன்பாட்டுக்கு வந்தது. முழுக் கொள்ளளவில் நீர்மட்டம் 71 அடி. அணை இருக்கிறதே, தொகுதி செழிப்பாகத்தான் இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அணையிலிருந்து இறங்கும் தண்ணீர் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் போகிறது. ஆண்டிபட்டியைச் சுற்றியுள்ள நிலமோ அணையைவிட மேட்டில் இருக்கிறது. மேட்டுக்குத் தண்ணீர் தானாக ஏறாது. குடிநீரை மோட்டார் வைத்துத்தான் ஏற்ற வேண்டும்; பாசனத்துக்கு மழையையும் கிணற்றையும் நம்ப வேண்டும். மழையும் தாராளமாகப் பெய்வதில்லை, மேற்கு மலையின் மழை மறைவுப் பகுதி இது. உசிலம்பட்டிக்காரர்கள் பல ஆண்டுகள் போராடி வாங்கிய 58 கிராமக் கால்வாய்கூட, அணையில் நீர்மட்டம் ஏறக்குறைய 67 அடியைத் தொட்டால்தான் ஓடும். அது போவதும் கணவாய்க்கு அந்தப் பக்கம்.

தெற்கே கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு. மாவட்டத்தில் எல்லோரும் ‘கடமலை-மயிலை ஒன்றியம்’ என்றே சொல்வார்கள். மூல வைகை புறப்படுவது இந்த மலைகளில். இலவம் பஞ்சு, முருங்கை, தென்னை, ஆடு மாடு என்று பிழைப்பு. அரசரடி, இந்திராநகர், பொம்மராஜபுரம் போன்ற மலைக் கிராமங்களுக்குச் சாலை போடுவதானால் வனத்துறை அனுமதி வேண்டும். மேகமலை முதலில் சரணாலயம் ஆனது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு அந்த அனுமதி மேலும் கடினமானது. ஆண்டிபட்டி நகரையொட்டிய சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் நெசவு. ஆக, மூன்று வேறு வாழ்க்கைகள் இங்கே ஒரே வாக்காளர் பட்டியலில் இருக்கின்றன: தறி, மானாவாரிக் காடு, மலை.

2008இன் தொகுதி மறுசீரமைப்பு நான்காவதாக ஒன்றைச் சேர்த்தது. கம்பம் பள்ளத்தாக்கின் கோடியிலுள்ள கூடலூர் நகராட்சியும் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த ஹைவேவிஸும் ஆண்டிபட்டியோடு வந்து ஒட்டிக்கொண்டன. வரைபடத்தில் மலைமுகடு வழியாக நிலம் தொடர்ச்சியாகத் தெரியும். ஆனால் ஆண்டிபட்டியில் இருக்கும் எம்.எல்.ஏ. கூடலூருக்குப் போக வேண்டுமானால் தேனியையும் கம்பத்தையும், அதாவது அடுத்தவர் தொகுதிகளை, கடந்துதான் போக வேண்டும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் இருபோக வயல்காரரும், கண்மாயில் மழைநீரை எதிர்பார்க்கும் ராஜதானி ஊர்க்காரரும் ஒரே பிரதிநிதியிடம் முறையிடுகிறார்கள். இவர் கேட்பதை அவரிடமிருந்து எடுத்துத்தான் கொடுக்க முடியும். பெரியாற்றுத் தண்ணீரைக் கால்வாய் வெட்டி ஆண்டிபட்டிப் பக்கக் கண்மாய்களுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற பழைய கோரிக்கையை எந்த வேட்பாளரும் மேடையில் மறுத்ததில்லை. வென்றவர்கள் அதை வேகமாக முன்னெடுக்காததற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம்.

1984க்கு முன்

பழைய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1967இல் திமுக அணியில் இருந்த சுதந்திராக் கட்சி இங்கே வென்றது. மாநிலம் முழுவதும் திமுக அலை அடித்த 1971இலும் சுதந்திராவே வென்றது. அந்த ஆண்டு அக்கட்சிக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பிறகு அதிமுக பிறந்தது. அக்கட்சியின் முதல் வெற்றி 1973இல் பக்கத்துத் திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில். அதிலிருந்து இந்த வட்டாரம் முழுவதும் இரட்டை இலைப் பக்கம் சாய்ந்தது. 1977இல் ஆண்டிபட்டியில் கந்தசாமி, 1980இல் எஸ்.எஸ்.ராஜேந்திரன், இருவரும் அதிமுக. எஸ்.எஸ்.ஆர். 1962இலேயே பக்கத்துத் தேனித் தொகுதியில் திமுக சார்பில் வென்றவர். திரைப்படத்திலிருந்து வந்த ஒருவரை எம்.எல்.ஏ. ஆக்குவது இந்தப் பகுதிக்கு எம்.ஜி.ஆர். வருவதற்கு முன்பே பழக்கமானது.

படுக்கையிலிருந்தே வென்ற தேர்தல்

1984 அக்டோபர் 5ஆம் தேதி எம்.ஜி.ஆர். சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நவம்பர் தொடக்கத்தில் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுபோகப்பட்டார். டிசம்பர் 24இல் வாக்குப்பதிவு. மதுரை மேற்குத் தொகுதியின் உறுப்பினரான அவர் இந்தமுறை ஆண்டிபட்டியில் வேட்பாளர். தொகுதிக்குள் ஒரு நாள்கூட வராமல் 60,510 வாக்குகள் பெற்றார். பதிவானதில் ஏறக்குறைய 67 விழுக்காடு. திமுக வேட்பாளருக்கு அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

வெளிநாட்டில் படுத்திருப்பவர் எப்படி வேட்பாளர் ஆக முடியும் என்ற கேள்வி இன்றும் எழுகிறது. சட்டம் இதற்கு இடம் வைத்திருக்கிறது. வேட்புமனுவை வேட்பாளரே நேரில் கொடுக்க வேண்டியதில்லை, முன்மொழிபவரும் கொடுக்கலாம். அவர் அந்தத் தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும். வேட்பாளருக்கோ அந்தக் கட்டாயம் இல்லை. மாநிலத்தின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். சிக்கலான பகுதி உறுதிமொழிதான். அரசியலமைப்பின் 173ஆம் பிரிவின்படி, வேட்பாளர் தேர்தல் ஆணையம் அதிகாரம் அளித்த ஒருவர் முன்னிலையில் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட வேண்டும். மனுத்தாக்கலுக்குப் பின்னரும், பரிசீலனை நாளுக்கு முன்னரும் அது முடிந்திருக்க வேண்டும். மருத்துவமனையில் இருப்பவருக்கு அங்குள்ள கண்காணிப்பாளரோ சிகிச்சை தரும் மருத்துவரோ அந்த அதிகாரி ஆகலாம். வெளிநாட்டில் இருப்பவருக்கு இந்தியத் தூதரகத்தவர். பல சுயேச்சைகளின் மனு தள்ளுபடியாவதே இந்த உறுதிமொழியைக் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டு மறந்துவிடுவதால்தான்.

எம்.ஜி.ஆர். 1985 பிப்ரவரியில் திரும்பி முதல்வராகப் பதவியேற்றார். 1987 டிசம்பர் 24இல் காலமானார். ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆண்டிபட்டியின் உறுப்பினர் முதலமைச்சர். அதோடு உடல் தளர்ந்தவர். அடுத்த மாதமே சட்டமன்றம் கலைக்கப்பட்டதால் இடைத்தேர்தலுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

1989 ஜனவரித் தேர்தல் பாரம்பரியச் சொத்துக்கான வழக்கைப்போலவே நடந்தது. கட்சி இரண்டாக உடைந்து இரட்டை இலை முடக்கப்பட்டது. ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். கணவரின் தொகுதியில் ஜானகி நின்றார். அடுத்த தொகுதியான போடிநாயக்கனூரில் ஜெயலலிதா. காங்கிரசும் தனியே நின்றது. நான்காகப் பிரிந்த வாக்கில் ஆண்டிபட்டியைத் திமுகவின் ஆசையன் எடுத்துக்கொண்டார், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வாக்குகளோடு. ஜெயலலிதா போடியில் வென்றார், ஜானகி தோற்றார். எம்.ஜி.ஆரின் தொகுதி எம்.ஜி.ஆர். குடும்பத்துக்குச் சொந்தமில்லை, சின்னத்துக்கே சொந்தம் என்பது அன்று தெரிந்துபோனது. 1991இல் இரட்டை இலை திரும்பி வந்ததும் தவசி வென்றதையும், 1996இன் எதிர்ப்பலையில் மறுபடி ஆசையன் வந்ததையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஆசையன் இரண்டு முறை எம்.எல்.ஏ. ஆனவர். ஆனால் ஆண்டிபட்டி என்றதும் வெளியே யாருக்கும் அவர் பெயர் நினைவுக்கு வருவதில்லை.

2001: மாற்று வேட்பாளர்

இந்தத் தொகுதியின் கதையில் நுணுக்கமான பகுதி 2001. அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கிய வழக்கில் 2000 அக்டோபரில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(3) பிரிவின்படி, இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை பெற்றவர் போட்டியிட முடியாது. உயர் நீதிமன்றம் சிறைத் தண்டனையை நிறுத்திவைத்ததே தவிர, குற்றவாளி என்ற தீர்ப்பை நிறுத்திவைக்கவில்லை. இந்த வித்தியாசத்தைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். தண்டனை நின்றால் சிறைக்குப் போக வேண்டியதில்லை, அவ்வளவே. தகுதியின்மை நீங்க வேண்டுமானால் தீர்ப்பே நின்றிருக்க வேண்டும்.

ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என்று நான்கு இடங்களில் அவர் மனுச் செய்தார். ஒருவர் இரண்டு தொகுதிக்கு மேல் போட்டியிடக் கூடாது என்று 33(7) பிரிவு சொல்கிறது. 1996இல் சேர்க்கப்பட்ட விதி அது. நான்கும் தள்ளுபடி. ஆண்டிபட்டியில் காரணம் தண்டனை; வேறு இடத்தில் தொகுதி எண்ணிக்கையும் காரணமாயிற்று.

இங்கேதான் மாற்று வேட்பாளர் ஏற்பாடு வேலை செய்தது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி, வேட்பாளரை அறிவிக்கும் ‘பி’ படிவத்திலேயே இரண்டாவதாக ஒரு பெயரையும் எழுதலாம். முதலாமவர் மனு தள்ளுபடியானாலோ அவர் விலகினாலோ இரண்டாமவர் கட்சி வேட்பாளராகி, சின்னமும் அவருக்குப் போகும். படிவம் மனுத்தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் அதிகாரியிடம் போய்ச் சேர வேண்டும். கையெழுத்து மையில் இருக்க வேண்டும், நகல் செல்லாது. கட்சி வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். ஆகவே முதல் வேட்பாளரின் மனு ஏற்கப்பட்டுவிட்டால், ஒரே ஒருவர் முன்மொழிந்த மாற்று வேட்பாளரின் மனு தானாகவே தள்ளுபடியாகும். பெரும்பாலான தேர்தல்களில் அவர் கதை அன்று மாலையே முடிந்துவிடும். ஆண்டிபட்டியில் அது தொடங்கியது. மாற்று வேட்பாளராக மனுக் கொடுத்திருந்த தங்க தமிழ்ச்செல்வன் அதிமுக வேட்பாளராகி, எம்.எல்.ஏ.வும் ஆனார். அப்போது பெரியகுளம் மக்களவை உறுப்பினர் டி.டி.வி.தினகரன். இந்தப் பெயரைப் பின்னால் மறுபடி பார்ப்போம்.

எம்.எல்.ஏ. அல்லாத ஜெயலலிதா 2001 மே 14இல் முதல்வரானார். உறுப்பினர் அல்லாதவரும் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்ற அரசியலமைப்பின் 164(4) பிரிவே அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. உறுப்பினராகத் தகுதியே இல்லாதவருக்கு அந்த ஆறு மாதம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு செப்டம்பர் 21இல் தீர்ப்பளித்தது. அன்றே ஓ.பன்னீர்செல்வம் முதல்வரானார். அவர் பெரியகுளத்தின் எம்.எல்.ஏ., ஆண்டிபட்டியின் பக்கத்துத் தொகுதி. டிசம்பர் 4இல் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. தங்க தமிழ்ச்செல்வன் பதவி விலகினார். 2002 பிப்ரவரி 21இல் இடைத்தேர்தல். ஜெயலலிதா 78,437, திமுகவின் வைகை சேகர் 37,236, வித்தியாசம் 41,201. மார்ச் 2ஆம் தேதி மறுபடி முதல்வர். இடத்தை விட்டுக்கொடுத்தவருக்கு அதே ஆண்டு மாநிலங்களவை இடம் கிடைத்தது.

2001 மேயில் ஒருவரைத் தேர்ந்தெடுத்த வாக்காளர், ஒன்பது மாதத்தில் அதே இடத்துக்கு மறுபடி வாக்களித்தார். தொகுதியில் எந்தக் கோளாறும் இல்லை; தலைமைக்கு இடம் வேண்டியிருந்தது. அதைத் தொகுதி தவறாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு 41,201 சான்று. முதலமைச்சரே எம்.எல்.ஏ. ஆனால் தங்களுக்கு நல்லது என்ற கணக்கு அது, ஏமாளித்தனம் இல்லை.

கணக்குச் சரியா?

பாதி சரி. கண்ணுக்குத் தெரியும் பலன்களில் பெரியது தேனி அரசு மருத்துவக் கல்லூரி. மாவட்டத்தின் பெயரைத் தாங்கினாலும் அது இருப்பது ஆண்டிபட்டிப் பக்கம், க.விலக்கில். 1996இல் மதுரையிலிருந்து பிரித்து அறிவிக்கப்பட்ட இளம் மாவட்டத்துக்கு, ஜெயலலிதாவின் ஆட்சிக் காலத்தில் வந்தது. அதற்கு முன் கடுமையான நோயாளிகளை மதுரைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வருசநாட்டு மலையிலிருந்து அது என்ன தூரம் என்பதை அந்தச் சாலையில் போனவர்கள் அறிவார்கள்.

மறுபாதி சட்டமன்றக் குறிப்புகளில் இருக்கிறது, அல்லது இல்லாமல் இருக்கிறது. ஒரு சாதாரண எம்.எல்.ஏ.வின் கருவிகள் கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, மானியக் கோரிக்கை விவாதத்தில் பேச்சு, வெட்டுத் தீர்மானம். ‘வருசநாட்டில் ஆரம்பச் சுகாதார நிலையத்தை மேம்படுத்த அரசு ஆவன செய்யுமா?’ என்று ஒருவர் கேட்டால், அமைச்சர் எழுந்து ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் அவைக் குறிப்பில் ஏறும். இரண்டு ஆண்டு கழித்து அதைக் காட்டி மறுபடி கேட்கலாம். முதலமைச்சர் தன் அரசிடம் கேள்வி கேட்பதில்லை. அவர் பதில் சொல்லும் பக்கம் உட்காருபவர். ஆகவே முதல்வரின் தொகுதிக்குக் கோப்புகள் வேகமாக நகரும், ஆனால் அவையில் அதன் குறை பதிவாவது குறையும். பெரிய கட்டடம் வரும். சின்னச் சின்ன வேலைகள், ஒரு தரைப்பாலம், ஒரு மேல்நிலைத் தொட்டி, ஒரு பேருந்துத் தடம், உள்ளூர்க் கட்சிப் பொறுப்பாளர்களின் விருப்பத்தைப் பொறுத்தவை ஆகிவிடும். அவர்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, தோற்கடிக்கவும் முடியாது.

2006இல் இந்தக் கணக்கின் மறுபக்கம் தெரிந்தது. ஜெயலலிதா 73,927 வாக்கு பெற்று 25,186 வித்தியாசத்தில் ஜெயித்தார், ஆட்சி போய்விட்டது. எதிர்க்கட்சித் தலைவரான அவர் அவைக்கு அரிதாகவே போனார். இப்போது வேகமாக நகரும் கோப்பும் இல்லை, கேட்கப்படும் கேள்வியும் இல்லை. ஆண்டிபட்டியின் பிரதிநிதித்துவம் மிக மெலிந்த காலம், ஒரு பெரிய தலைவர் அதன் உறுப்பினராக இருந்த இந்த ஐந்து ஆண்டுகள்தான். 2011இல் அவர் ஸ்ரீரங்கத்துக்குப் போனார். பரங்கிமலை, அருப்புக்கோட்டை, மதுரை மேற்கு, ஆண்டிபட்டி என்று எம்.ஜி.ஆர். மாறியதைப்போலவே, அவரும் போடி, பர்கூர், ஆண்டிபட்டி, ஸ்ரீரங்கம், ராதாகிருஷ்ணன் நகர் என்று மாறிக்கொண்டே இருந்தார். இரு தலைவர்களும் எந்தத் தொகுதியிலும் வேர் பிடிக்கவில்லை. 1996இல் பர்கூரில் தோற்றவருக்கு அப்படி இருக்கக் காரணமும் உண்டு.

(இந்த எண்களை எடுத்துக்கொண்டு ஆய்வு செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2008க்கு முந்தைய வித்தியாசத்தையும் பிந்தையதையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது. பெயர் ஒன்று, நிலம் வேறு. மக்களவைத் தொகுதியும் பெரியகுளத்திலிருந்து தேனியாக மாறிவிட்டது. 2006இல் ஜெயலலிதாவை எதிர்த்த திமுகவின் சீமான் உள்ளூர் வேட்பாளர், நாம் தமிழர் சீமான் அல்லர். 2011இலும் 2016இலும் நின்ற திமுகவின் மூக்கையாவை, உசிலம்பட்டியின் பழைய தலைவர் பி.கே.மூக்கையாத் தேவரோடு சேர்த்துவிடுவதும் நடக்கிறது.)

விட்டுக்கொடுத்தவர் திரும்பியது

2011இல் தங்க தமிழ்ச்செல்வன் மறுபடி வந்தார். 2016இலும் வென்றார், இந்தமுறை ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள். 2001இலிருந்து பார்த்தால் ஆண்டிபட்டியில் தொடர்ச்சி என்று ஏதாவது இருந்தால் அது இவர்தான். தொகுதி மேம்பாட்டு நிதி 2011க்குப் பின் ஆண்டுக்கு 2 கோடியாகி, பிறகு 2.5 கோடி, 3 கோடி என்று ஏறிய காலம் அது. மலைச்சாலை, கண்மாய் எல்லாம் இந்தப் பணத்துக்குள் அடங்காது. பயணியர் நிழற்குடை, பள்ளி வகுப்பறை, சிமெண்டுச் சாலை, ஆழ்துளைக் கிணறு அடங்கும். ஒரு எம்.எல்.ஏ.வை ஊர் அளப்பது பெரும்பாலும் இவற்றால்தான்.

2016 டிசம்பர் 5இல் ஜெயலலிதா மறைந்தார். கட்சி மறுபடி உடைந்தது. தங்க தமிழ்ச்செல்வன் தினகரன் பக்கம். 2017 ஆகஸ்ட் 22இல் தினகரன் ஆதரவு எம்.எல்.ஏ.க்கள், முதல்வர் எடப்பாடி பழனிசாமியிடம் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். செப்டம்பர் 18இல் பேரவைத் தலைவர் தனபால், கட்சித்தாவல் தடைச் சட்டமான பத்தாம் அட்டவணையின்படி பதினெட்டுப் பேரைத் தகுதிநீக்கம் செய்தார். அவையில் கட்சிக் கொறடாவின் உத்தரவை யாரும் மீறியிருக்கவில்லை. ‘தானாகவே கட்சி உறுப்பினர் பதவியைக் கைவிட்டார்’ என்ற 2(1)(அ) பத்திதான் பயன்பட்டது. ஆளுநரிடம் கொடுத்த கடிதத்தையே கட்சியைக் கைவிட்டதாகக் கொள்ளலாமா என்பதுதான் வழக்கு.

சாதாரணமாக ஒரு இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151-ஏ பிரிவு. ஆனால் செப்டம்பர் 20இல் உயர் நீதிமன்றம், வழக்கு முடியும் வரை இந்த இடங்களுக்குத் தேர்தல் அறிவிக்கக் கூடாது என்றது. வழக்குத் தொடுத்தவர்களைப் பாதுகாக்கும் உத்தரவு அது. வென்றால் திரும்பி வர அவர்களுக்கு இடம் இருக்க வேண்டுமே. ஆனால் அதன் விளைவு தொகுதிக்கு இரட்டைத் தண்டனை: பழைய உறுப்பினர் உள்ளே போக முடியாது, புதியவரைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. 2018 ஜூன் 14இல் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு அளித்தார்கள். தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி தகுதிநீக்கம் செல்லும் என்றார், நீதிபதி சுந்தர் செல்லாது என்றார். மூன்றாவது நீதிபதிக்குப் போயிற்று. அப்போது தங்க தமிழ்ச்செல்வன், தொகுதி மக்கள் எம்.எல்.ஏ. இல்லாமல் இருப்பதால் தன் மனுவைத் திரும்பப் பெறப்போவதாக வெளிப்படையாக அறிவித்தார். அரசியல் கணக்கு இருந்திருக்கலாம். என்றாலும் அந்தப் பதினெட்டுத் தொகுதிகளைப் பற்றிய விவாதத்தில் வாக்காளரை மையத்தில் வைத்த அரிதான பேச்சு அது. அக்டோபர் 25இல் நீதிபதி சத்தியநாராயணன் தகுதிநீக்கத்தை உறுதிசெய்தார். அதற்குப் பின்னும் தேர்தல் உடனே வரவில்லை. 2019 ஏப்ரல் 18இல் மக்களவைத் தேர்தலோடு சேர்த்துத்தான் நடந்தது.

உறுப்பினர் இல்லாத இருபது மாதத்தில் அரசு அலுவலகங்கள் நிற்பதில்லை. ஆட்சியர் இருக்கிறார், வட்டாட்சியர் இருக்கிறார், ஒன்றிய ஆணையர் இருக்கிறார். நிற்பது அவர்களைக் கேள்வி கேட்கும் வேலை. இதே காலத்தில் ஊராட்சி மன்றங்களுக்கும் தேர்தல் நடக்காமல் 2016 முதல் தனி அலுவலர்கள்தான் இருந்தார்கள். கடமலை-மயிலையில் ஒரு ஊரின் குடிநீர்க் குழாய் உடைந்தால், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், எம்.எல்.ஏ. மூவரில் ஒருவரும் கிடையாது. சென்னையில் இதை அரசியல் நெருக்கடி என்றார்கள். இங்கே அது மனுவை யாரிடம் கொடுப்பது என்ற பிரச்சினை.

2019: ஒரே நாள், இரண்டு இயந்திரம்

இடைத்தேர்தலில் திமுக மகாராஜனை நிறுத்தியது, அதிமுக லோகிராஜனை. இருவரும் அண்ணன் தம்பி. வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 16 இரவு, ஆண்டிபட்டியில் தினகரனின் கட்சியான அமமுகவின் அலுவலகம் இருந்த வளாகத்தில் வருமான வரித் துறை சோதனை நடத்தியது. தடுத்தவர்களைக் கலைக்கக் காவல்துறை வானத்தை நோக்கிச் சுட்டது. 1.48 கோடி ரூபாய் பிடிபட்டதாகத் துறை அறிவித்தது. 94 கட்டுகள், ஒவ்வொன்றிலும் வார்டு எண், வாக்காளர் எண்ணிக்கை, தலைக்கு 300 ரூபாய் என்ற குறிப்பு. பணம் கொடுப்பது புதிதல்ல, அது எப்படிக் கணக்கு எழுதப்படுகிறது என்பது இப்படி வெளியே வருவதுதான் அரிது. அதே நாளில் வேலூர் மக்களவைத் தேர்தல் பண விவகாரத்தால் ரத்தானது. ஆண்டிபட்டியில் தேர்தல் நடந்தது.

முடிவு விசித்திரமானது. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு அதிமுக வென்ற ஒரே மக்களவைத் தொகுதி தேனி, ஓ.பன்னீர்செல்வத்தின் மகன் ரவீந்திரநாத்துக்கு. அதே நாள், அதே வாக்குச்சாவடியில் பக்கத்து இயந்திரத்தில், தேனிக்குள் அடங்கும் ஆண்டிபட்டியும் பெரியகுளமும் திமுகவுக்குப் போயின. மகாராஜன் தம்பியை 12,000க்கு மேற்பட்ட வாக்குகளில் வென்றார். அமமுக பிரித்த வாக்குகளை ஒரு காரணமாகச் சொல்வார்கள். 1989ஐ அறிந்தவர்களுக்கு அதில் புதிது இல்லை. ஆனால் அது மட்டும் இல்லை. இருபது மாதம் காத்திருந்தவர்கள் மக்களவைச் சீட்டில் ஒன்றும் சட்டமன்றச் சீட்டில் வேறொன்றும் அழுத்தத் தயங்கவில்லை. 1996க்குப் பிறகு ஆண்டிபட்டியில் திமுக வென்றது இதுவே முதல்முறை.

2021இல் அண்ணனும் தம்பியும் மறுபடி மோதினார்கள். மகாராஜனே வென்றார், வித்தியாசம் சுமார் 8,500ஆகக் குறைந்தது. அப்போது உறுப்பினர் ஆளுங்கட்சிக்காரர், ஆனால் முதல்வர் அல்லர். கேள்வி கேட்கவும் முடிந்தது, கோப்பைத் தள்ளவும் முடிந்தது. எம்.எல்.ஏ.க்களின் கையில் இல்லாத ஒரு வேலையும் இந்தக் காலத்தில் முடிந்தது. 2010 முடிவில் நிறுத்தப்பட்ட மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதையாகி, 2022 மேயில் ஆண்டிபட்டி வழியாகத் தேனி வரை ரயில் வந்தது. கணவாயில் பாறையை வெட்டிப் பாதையை அகலப்படுத்துவதே பணியின் கடினமான பகுதி.

2001இன் மாற்று வேட்பாளரான தங்க தமிழ்ச்செல்வன் 2019 மக்களவைத் தேர்தலில் அமமுக சார்பில் தேனியில் மூன்றாவதாக வந்து, அதே ஆண்டு ஜூனில் திமுகவில் சேர்ந்தார். 2021இல் போடியில் பன்னீர்செல்வத்திடம் தோற்றார். 2024இல் தேனி மக்களவைத் தொகுதியில் திமுக வேட்பாளராக நின்று, தினகரனை இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். அந்தத் தொகுதியின் ஆறு சட்டமன்றப் பகுதிகளில் ஒன்று ஆண்டிபட்டி.